உப்பில்லாத உப்புமா: பிரிக்பீல்ட்ஸ் தேர்தல் வகுப்பு ஒன்றுக்கு மதிப்புரை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிற்பகல் 3 மணி முதல் 5.30 வரை நடந்த வகுப்பு ஒன்றுக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் போய்வந்தேன். வகுப்பின் பொருள் தேர்தல் முறைகள். பயிற்றுமொழி தமிழ். ஆசிரியர் இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர். துண்டறிக்கையில் "பிடிக்காத இருவரில் ஒருவருக்கு வாக்களித்துக் களைத்தவர்களுக்காக" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பித்தான் பணம் கட்டினேன். நடத்துபவர்கள் விளம்பரம் தேடாத சிறு குழுவினர், நானோ சில குறைகளையும் சொல்லப் போகிறேன், ஆதலால் அவர்கள் பெயரை எழுதவில்லை. அடுத்த சுற்றில் சேரலாமா என்று பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

எழுதுபவர் எப்படிப்பட்ட வாடிக்கையாளர் என்று தெரிந்தால்தான் மதிப்புரையை எடைபோட முடியும். என் தந்தையார் கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். ஒவ்வொரு தேர்தலிலும் அன்றைய ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்கே வாக்களித்தார், அது நல்லது என்பதற்காக அல்ல, மற்றது வந்தால் என்ன ஆகும் என்று தெரியாது என்பதற்காக. நான் 2008 முதல் எதிர்ப்பக்கம். அந்த ஆண்டு மார்ச் 8 தேர்தலுக்குப் பிறகு இந்த நகரத்துத் தேநீர்க் கடைகளில் "இரு கட்சி முறை" என்ற சொல் மந்திரம் போல் உலவியதை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு கூட்டணிகள் சம பலத்தோடு நின்றால் இரண்டுமே நம்மைத் தேடி வரும் என்று நம்பினோம். 2013 இல் எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ராக்யாட் 50.87 விழுக்காடு வாக்குகளைப் பெற்றும் 89 இடங்களோடு நின்றது, 47.38 விழுக்காடு பெற்ற தேசிய முன்னணி 133 இடங்களோடு ஆட்சியில் தொடர்ந்தது. 2018 மே 9 இல் எங்கள் பக்கமான பக்காத்தான் ஹராப்பானுக்கு ஆட்சி மாறியது. 2020 பிப்ரவரியில், நாங்கள் அனுப்பிவைத்தவர்களில் ஒரு பகுதியினர் பக்கம் மாறியதும் அது கவிழ்ந்தது. 2022 நவம்பர் 19 இல் பக்காத்தான் ஹராப்பான் தரப்புக்கு 82, இஸ்லாமியக் கட்சியான பாஸ் இடம்பெற்ற பெரிக்காத்தான் நேஷனலுக்கு 73, தேசிய முன்னணிக்கு 30 என்று முடிவு வந்து, ஐந்து நாள் கழித்து, அதுவரை எதிரெதிரே நின்ற முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. நாட்டுக்கு அன்று வேறு வழி இருந்ததா என்பது தனிக் கேள்வி. எதை வரவிடக் கூடாது என்று குறியிட்டேனோ அதுவும், அதைத் தடுக்க எதற்குக் குறியிட்டேனோ அதுவும், ஒரே மேசையில் அமர்ந்த படத்தைப் பார்த்தபோது, குறைந்த தீமையைத் தேர்ந்தெடுக்கும் கணக்குக்கூட எனக்குச் சரியாக வரவில்லையே என்று தோன்றியது. வகுப்பில் சேர்ந்த 23 பேரில் பாதிப் பேர் ஏறத்தாழ இதே கதையோடுதான் வந்திருந்தார்கள்.

முதல் வாரம் ஆசிரியர் விரிவுரையோடு தொடங்கவில்லை. வெண்பலகையில் கோழி பிரியாணி, தோசை, இட்லி என்று மூன்று பெயர்களை எழுதி, கடைசி வகுப்பன்று எந்தச் சிற்றுண்டி என்று வாக்களிக்கச் சொன்னார். பிரியாணிக்கு 9, தோசைக்கு 8, இட்லிக்கு 6. பிரியாணி வென்றதாக அறிவித்தார். பலகாரம் கேட்டவர்கள் 14 பேர் இருக்க 9 பேர் கேட்டது எப்படி வெல்லும் என்று கூச்சல் எழுந்தது. "சரி, மறுபடி போடுங்கள்" என்றார். அதற்குள் இட்லிக்காரர்களிடம் தோசைக்காரர்கள் பேசி முடித்திருந்தார்கள். இரண்டாவது வாக்களிப்பில் தோசைக்கு 13, பிரியாணிக்கு 9, இட்லிக்கு 1. அந்த ஒரு வாக்கு என் பக்கத்து இருக்கையில் இருந்த, ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மையாருடையது. "ஏம்மா, உங்களாலதானே பிரியாணி வரப் பார்த்துச்சு" என்று முன்வரிசைத் தம்பி ஒருவர் கடிந்துகொண்டார். "எனக்குப் பிடிச்சதுக்குப் போட்டேன் தம்பி, அது தப்பா?" என்றார் அவர். மூன்றாவது முறை வாக்கெடுப்பதற்கு முன் ஆசிரியர் இட்லியைப் பலகையிலிருந்து அழித்தே விட்டார். அம்மையாரைத் தவிர ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இதற்குப் பிறகுதான் அவர் பாடத்துக்கு வந்தார். ஒரு தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி என்ற முறை இருக்கும் இடங்களில் காலப்போக்கில் இரண்டு பெரிய அணிகளே மிஞ்சும் என்று மோரிஸ் துவெர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் 1950களில் எழுதினார். மூன்றாவது அணிக்குப் போடும் வாக்கு வீண் என்ற அச்சமே மூன்றாவது அணியை அழிக்கிறது. இதை நான் முன்பே எங்கோ படித்திருக்கிறேன், ஆனால் படித்தபோது புரிந்தது இவ்வளவு அல்ல. இட்லியைக் கொன்றது பிரியாணி அல்ல, இட்லியை விரும்பியவர்களே என்பதை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஐந்து பேரும் செய்தது தவறும் அல்ல. "எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி" என்று ஒருவர் பழமொழியை எடுத்துவிட்டபோது, அந்தப் பழமொழி கொள்ளியைப் பற்றி மட்டும் பேசுகிறது, அடுப்பைப் பற்றிப் பேசவில்லை என்று ஆசிரியர் மறித்தார். நல்ல மறிப்பு. முதல் வாரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் வாரம் முழுவதும் அமெரிக்கா. ஆசிரியருக்கு அந்த நாட்டின் அரசியலில் தனி மோகம் இருப்பது 14 பக்கக் கையேட்டைப் பார்த்ததும் தெரிந்தது. கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகமான துளசேந்திரபுரத்தில் நடந்த பூசைகளைப் பற்றி அவர் செலவிட்ட இருபது நிமிடத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்பேன். மற்றபடி, இரு கட்சி முறை முற்றிப் பழுத்த நிலையில் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி இல்லை என்பது உண்மைதான். 1850களிலிருந்து அங்கே அதிபர் பதவிக்கு வந்தவர்கள் எல்லாரும் இரண்டே கட்சிகளைச் சேர்ந்தவர்கள். 1992 இல் ராஸ் பெரோ என்ற தொழிலதிபர் தனித்து நின்று 18.9 விழுக்காடு மக்கள் வாக்கைப் பெற்றார், ஆனால் அதிபரை முடிவுசெய்யும் தேர்வாளர் குழுவில் அவருக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை, ஏனென்றால் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் முதலிடம் பெற்றவருக்கே மாநிலம் முழுவதும் போய்விடும். 2000 இல் புளோரிடாவில் ஜார்ஜ் புஷ் வென்றது 537 வாக்குகளில். அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் பெற்றது 97,488. அன்று முதல், மூன்றாவது ஆளுக்கு வாக்களிக்க நினைக்கும் ஒவ்வோர் அமெரிக்கரின் முகத்துக்கு முன்னாலும் இந்த இரண்டு எண்களும் நீட்டப்படுகின்றன. இட்லிக்குப் போட்ட அம்மையார் இதைக் கேட்டு என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார்.

இங்கே ஆசிரியருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. அந்த 97 ஆயிரம் பேரும் புஷ்ஷிடம் தோற்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோருக்குச் சொந்தமான வாக்குகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் என்ற தொனியிலேயே அவர் பேசினார். வாக்கு ஒரு கட்சிக்குச் சொந்தம் என்று யார் எழுதிக் கொடுத்தது? கைப்பேசிச் செயலி வழி வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர், "அவங்க எல்லாம் வீட்டிலேயே இருந்திருந்தா யாரைத் திட்டுவீங்க சார்?" என்று கேட்டதற்கு ஆசிரியரிடம் தெளிவான விடை இல்லை. 2024 மிச்சிகன் கதையையும் அவர் இதே வார்ப்பில் போட்டார். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், காஸா போரில் ஜோ பைடன் எடுத்த நிலைப்பாட்டை எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் "யாரையும் முடிவு செய்யவில்லை" என்ற கட்டத்தில் குறியிட்டார்கள். நவம்பரில் டோனல்ட் டிரம்ப் அந்த மாநிலத்தை ஏறத்தாழ 80,000 வாக்குகளில் வென்றார். இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் பழி தானாக எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால் பிப்ரவரியிலேயே, எட்டு மாதம் முன்னதாக, சட்டப்படி, சீட்டிலேயே தங்கள் கோபத்தை எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். விலை கேட்டவரிடம் பேசாமல் கடையைச் சாத்திவிட்டு, வியாபாரம் கெட்டதற்கு அவரைக் குறை சொல்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. தீமையில் குறைந்தது எங்கள் பக்கம்தான் என்று ஒரு கட்சி சொல்லும்போது, அது தன்னை வாங்கச் சொல்லவில்லை, எதிரியை வாங்காதே என்றுதான் சொல்கிறது. அந்த விற்பனை முறை தோற்றால் முதலில் விற்றவரைத்தான் கேட்க வேண்டும்.

நெவாடா மாநிலச் செய்தி வகுப்பையே சிரிக்க வைத்தது. 1970களிலிருந்து அங்கே சீட்டில் "இவர்களில் ஒருவரும் இல்லை" என்ற கட்டம் உண்டு. 2024 பிப்ரவரியில், டிரம்ப்பின் பெயர் இடம்பெறாத குடியரசுக் கட்சி உட்கட்சித் தேர்தலில் நிக்கி ஹேலி அந்தக் கட்டத்திடம் தோற்றார், அதுவும் ஏறத்தாழ அவரைப் போல் இரு மடங்கு வாக்குகளில். சிரித்து முடித்த பிறகுதான் ஆசிரியர் அடுத்த வரியைச் சொன்னார்: அந்தக் கட்டம் முதலிடம் பெற்றாலும், அதற்கு அடுத்து வந்த மனிதரே சட்டப்படி வெற்றியாளர். இந்தியாவின் நோட்டாவும் இப்படித்தான். முன்பு தமிழ்நாட்டில் 49 ஓ என்று பேசப்பட்ட விதிப்படி வாக்குச்சாவடி அலுவலரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கையெழுத்திட வேண்டியிருந்ததை 2013 இல் உச்ச நீதிமன்றம் மாற்றி இயந்திரத்தில் ஒரு பொத்தானாக ஆக்கியது. 2024 இல் இந்தூரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை அழுத்தினார்கள், வென்றவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் நிம்மதியாக நாடாளுமன்றம் போனார். நம் நாட்டில் அந்தக் கட்டமும் கிடையாது. 2018 தேர்தலுக்கு முன் "உண்டி ரோசாக்" என்று வாக்கைச் செல்லாததாக்கச் சொல்லி எழுந்த இயக்கத்தை வகுப்பில் மூன்று இளையவர்கள் ஆதரித்ததை அறிந்தேன். அவர்களிடம் ஆசிரியர் கடுமையாகப் பேசாதது அவருடைய நல்ல குணம்.

எண்பது வெள்ளிக்கு உண்மையான மதிப்பு மூன்றாம் வாரத்தில்தான் வந்தது. அன்று 21 பேர் வந்திருந்தோம். ஆசிரியர் பலகையில் இரண்டே பெயர்களை எழுதினார்: சார்டின் சாண்ட்விச், உப்புமா. இன்றைய சிற்றுண்டிக்கு இப்போதே வாக்களியுங்கள் என்றார். யாருமே கேட்காத இரண்டு பண்டங்கள் எப்படிப் பட்டியலில் வந்தன என்று நாலா பக்கமிருந்தும் கேட்டார்கள். தானும் சமையல்காரரும் நேற்றிரவு தொலைபேசியில் பேசி முடிவு செய்ததாகச் சொன்னார். சாண்ட்விச்சுக்கு 9, உப்புமாவுக்கு 12. உப்புமா கேட்டவர்களில் ஏழு பேர் சைவம்; மீன் பக்கம் போக முடியாது என்பதால் போட்டார்கள். ஐந்து மணிக்கு உப்புமா வந்தது. அதில் உப்பு இல்லை. கடுகு இல்லை, இஞ்சி இல்லை, வெங்காயம் கண்ணுக்குத் தெரியவில்லை. முகம் சுளித்தவர்களிடம் ஆசிரியர் மிக அமைதியாக, "சைவக்காரர்கள் எப்படியும் இதைத்தான் எடுப்பீர்கள், உப்புப் போட்டு எனக்கு என்ன ஆகப் போகிறது?" என்றார். திட்டமிட்டுச் செய்ததா, சமையல்காரர் மறந்ததை அவர் சமாளித்தாரா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. எப்படியானாலும் அதைவிடத் தெளிவான பாடம் நடத்த முடியாது.

போக வேறிடம் இல்லாதவர்களின் வாக்குக்கு விலை இல்லை என்பதை அவர் அதன் பிறகு நம் நாட்டுக் கணக்கில் காட்டினார். 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட இந்தியர்கள் பெரும்பான்மையினர் அல்லர். மற்ற இரு பக்கமும் சரிபாதியாகப் பிரிந்து நிற்கும் தொகுதிகளில்தான் நம் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும். அந்த வலிமையும், நாம் எந்தப் பக்கமும் போகக் கூடும் என்று இரு பக்கமும் அஞ்சும் வரைக்குமே. நம் பெற்றோர் காலத்தில் தராசு நம்மை அப்படித்தான் நிச்சயமாக எடுத்துக்கொண்டது. 2007 நவம்பர் 25 இல் இந்த நகரத்துத் தெருக்களில் இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி நடந்தது. அதற்கு விலையாக அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார்கள். அடுத்த மார்ச்சில், 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைத் தன் கையில் வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் ச. சாமிவேலு அங்கே தோற்றார். போக இடம் உண்டு என்று காட்டிய பிறகு உப்பு வந்தது. 2018 இல் அமைந்த அமைச்சரவையில் நான்கு இந்திய அமைச்சர்கள் இருந்தார்கள். 2022 இல் ஒருவர். 2023 டிசம்பர் மாற்றத்தில் அந்த ஒருவரும் நீக்கப்பட்டு சீக்கியரான கோபிந்த் சிங் டியோ அமைச்சரானபோது, தமிழர் ஒருவரும் முழு அமைச்சராக இல்லாத நிலை வந்தது. அமைச்சர் எண்ணிக்கையை வைத்தே ஒரு சமூகத்தின் நலனை அளக்க முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அது உப்பின் அளவைக் காட்டும் ஒரு குறி. எதிர்ப்பக்கம் பாஸ் கட்சியின் பச்சை அலை வருகிறது, நீங்கள் வேறு எங்கே போவீர்கள் என்ற கேள்வியை, 2022 க்குப் பிறகு எத்தனை மேடைகளில் எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறோம்! அது கேள்வி அல்ல, உப்புமாவைப் பரிமாறுபவரின் வாக்கியம் என்பது எனக்கு அந்த மாலையில்தான் உறைத்தது.

பட்டியலை எழுதுவது யார் என்பதே அன்றைய வகுப்பின் மையம். அமெரிக்கர்களுக்கு உட்கட்சித் தேர்தல் என்ற ஒன்றாவது உண்டு, பலர் அதில் வாக்களிக்கப் போவதில்லை என்றாலும். 2024 ஜூலை 21 இல் பைடன் விலகியபோது கட்சிப் பேராளர்களே அடுத்தவரைத் தேர்ந்ததால் அந்த உரிமையும் அந்த முறை பாதியில் நின்றது. நமக்கோ தொடக்கமே இல்லை. கூட்டணித் தலைவர்கள் தொகுதிப் பங்கீடு பேசி முடிப்பார்கள், வேட்புமனு நாளுக்குச் சில நாள் முன் பெயர் வெளிவரும், நாம் அதை நாளிதழில் படித்துத் தெரிந்துகொள்வோம். இந்த வழக்கம் பிறந்ததே நம் நகரத்தில்தான் என்று ஆசிரியர் சொன்னது எனக்குப் புதிது: 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் இடங்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு நின்று 12 இல் 9 ஐ வென்றன, எல்லா இனத்தாரையும் சேர்த்துக்கொண்டு ஓன் ஜாபார் தொடங்கிய கட்சி பின்னுக்குப் போனது, 1954 இல் ம.இ.கா.வும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. அந்தத் தேர்தலின் வடிவம் மட்டும் நாடெங்கும் பரவி நிலைத்தது, நகராட்சித் தேர்தலோ நிலைக்கவில்லை. 1965 இல் நாட்டின் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, இன்றுவரை திரும்பவில்லை. பினாங்குக்காரருக்கும் சிலாங்கூர்க்காரருக்கும் நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என்று இரண்டு சீட்டுகளாவது உண்டு. கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் வாழும் எனக்கு ஐந்தாண்டுக்கு ஒரே ஒரு சீட்டு. சாக்கடை அடைப்புக்கும் பிரதமர் யார் என்பதற்கும் சேர்த்து ஒரே குறியை இடுகிறேன். ஒரு நகரத்தில் சிறிய கட்சி ஒன்று கவுன்சிலர் ஒருவரை வென்று, குப்பையை ஒழுங்காக அள்ளிக் காட்டி, அதன் பிறகு பெரிய இடத்துக்குப் போட்டியிடும் படிக்கட்டு எங்களிடம் இல்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு காலத்தில் இருந்தது, 1957 இல் அங்கே முதல் மேயரானவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன் என்ற தமிழர். இன்றைக்குச் சிறிய கட்சி நேரே நாடாளுமன்றத்துக்கு 10,000 வெள்ளி வைப்புத்தொகை கட்ட வேண்டும், எட்டில் ஒரு பங்கு வாக்கு வராவிட்டால் அதையும் இழக்க வேண்டும். இட்லி பலகையிலிருந்து எப்படி அழிகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

அன்று ஆசிரியர் சொன்ன மருந்துதான் எனக்கு ஒவ்வவில்லை. வெளியேறிவிடுவோம் என்று அவ்வப்போது காட்டினால்தான் மதிப்பு என்றார். சாண்ட்விச் சாப்பிட முடியாத சைவருக்கு வெளியேற்றம் என்றால் பட்டினி. கையில் தொழிலும் சேமிப்பும் உள்ளவர் ஒரு தேர்தலைப் பட்டினியாகக் கழிக்கலாம். வாடகைக் குடியிருப்பில் இருப்பவர், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமே இன்னும் கிடைக்காதவர், என்ன செய்வார்? இதை எழுந்து கேட்டேன். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். அடுத்த வாரம் அது வரவேயில்லை.

நான்காம் வாரம் எதிர்பார்ப்பைவிடத் தாழ்வு. தரவரிசை வாக்கு, அதாவது முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எண் இடும் முறை, எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற பாவனையில் வகுப்பு ஓடியது. முதல் வார வாக்குகளையே எடுத்து, இட்லியை நீக்கி அதன் ஆறு வாக்குகளை இரண்டாம் விருப்பப்படி பிரித்தபோது தோசைக்கு 13, பிரியாணிக்கு 10 என்று வந்தது. இட்லிக்குப் போட்ட அம்மையாரை யாரும் திட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த அளவில் முறை நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலம் 2018 லும் அலாஸ்கா 2022 லும் இதைப் பயன்படுத்தத் தொடங்கிய கதைகளைச் சொன்னவர், 2024 நவம்பரில் ஓரிகனும் கொலராடோவும் மக்கள் வாக்கெடுப்பில் அதை வேண்டாம் என்றதைக் கையேட்டின் அடிக்குறிப்பில் ஒதுக்கியிருந்தார். நூறாண்டுக்கும் மேலாக எண்ணிட்டு வாக்களிக்கும் ஆஸ்திரேலியாவில், 2022 இல் தொழிற்கட்சி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான முதல் விருப்ப வாக்குகளோடு ஆட்சிக்கு வந்தது. மற்றவர்களின் இரண்டாம், மூன்றாம் விருப்பமே அதை ஏற்றி வைத்தது. அங்கேயும் பலர் குறைந்த தீமைக்குத்தான் வாக்களிக்கிறார்கள், ஆனால் தங்களுக்குப் பிடித்ததை முதலில் எழுதிவிட்டு அதைச் செய்கிறார்கள். அந்த வித்தியாசம் சிறியதல்ல, ஆனால் அது உப்பு அல்ல. தரவரிசை முறை பட்டியலில் இருப்பவற்றை ஒழுங்காக எண்ணும். பட்டியலை யார் எழுதுவது என்ற மூன்றாம் வாரக் கேள்வியை அது தொடாது. இரண்டு வாரத்தையும் இணைக்க ஆசிரியர் முயலவே இல்லை.

இன்னொரு பெரிய ஓட்டை இலங்கை. அதிபர் தேர்தலில் வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை எண்ணிடும் முறை அங்கே 1982 முதல் நடக்கிறது. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடும் சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடும் பெற்று, யாருக்கும் பாதி கிடைக்காததால், வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் சுற்று விருப்ப வாக்குகள் எண்ணப்பட்டன. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் வட்டாரத்தில், தமிழில் நடக்கும் வகுப்பில் மெய்னுக்கு முக்கால் மணி நேரம் உண்டு, கொழும்புக்கு ஒரு நிமிடமும் இல்லை என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? என் பக்கத்து இருக்கை அம்மையாருக்கு யாழ்ப்பாணத்தில் உறவினர் உண்டு. சீட்டில் எண் இடுவது எப்படி என்பதை ஆசிரியரைவிட அவர் நன்றாக விளக்கினார்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாடிப்படி செங்குத்து, மின்தூக்கி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவும். மின்விசிறி மூன்றில் ஒன்று சுற்றவில்லை. கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடப்பதே நல்லது, கார் நிறுத்த இடம் தேடினால் முதல் அரை மணி நேரம் போய்விடும். கையேட்டின் தமிழ் சிறப்பாக இருந்தது. கலைச்சொற்களை வலிந்து செய்யாமல் நாம் பேசும் சொற்களையே பயன்படுத்தியிருந்தார்கள், அச்சு மட்டும் மங்கல். தேநீர் அருமை. கடைசி நாள் தோசையும் அருமை, தேங்காய்ச் சட்னியில் உப்புச் சரியாக இருந்தது. அம்மையாருக்கு மட்டும் தனியாக நான்கு இட்லி வந்திருந்தது. ஏற்பாடு செய்தது முன்வரிசைத் தம்பி என்று பிறகு தெரிந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். வகுப்பைப் பற்றி உங்கள் மதிப்பீடு என்று ஒரு வரி, அதன் கீழே இரண்டு கட்டங்கள்: "நிறைவு", "மிக நிறைவு". அச்சடித்தவர் யோசிக்காமல் செய்தது என்றே நினைக்கிறேன். நான் இரண்டிலும் குறியிடாமல், தாளின் பின்பக்கத்தில் இலங்கையைப் பற்றியும் பிறப்புப் பத்திரம் இல்லாதவரைப் பற்றியும் எழுதத் தொடங்கினேன், இடம் போதவில்லை. படிவங்களைச் சேகரித்த இளைஞர் என்னுடையதைப் புரட்டிப் பார்த்து, "இதை எதில சேர்க்கிறது அக்கா?" என்று கேட்டுவிட்டு, தனியாக ஓர் ஓரத்தில் வைத்தார்.